ஆறு மணி முதல் ஏழு மணி வரை

எனக்கு இரண்டு வேலை. ஒன்றைக் கல்யாண வீடுகளில் சொல்வேன், மற்றதைச் சொல்ல மாட்டேன். மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை என்பது சொல்லக்கூடியது. மற்றது, ஊக்கமருந்துப் பரிசோதனைக்காகக் கொழும்பிலிருந்து வருகிற பெண் அதிகாரிக்குத் துணையாளாகப் போவது. ஒரு வீராங்கனையிடம் "உங்களைப் பரிசோதிக்க வந்திருக்கிறோம்" என்று சொன்ன நொடியிலிருந்து அவள் சிறுநீர் தந்து முடிக்கும்வரை என் கண் அவளை விட்டு அகலக் கூடாது. அவள் குளித்தால் குளியலறை வாசலில் நிற்பேன். சாப்பிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பேன். சோற்றுத் தட்டோடு இருப்பவர்களிடம் இதையெல்லாம் விளக்கப் போனால் தட்டை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த அதிகாரி தெற்கே ஒரு ஊரைச் சேர்ந்த சிங்களப் பெண். முன்பு தாதியாக இருந்தவர். வயது ஐம்பதைத் தாண்டும். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வணக்கம்', 'தண்ணி', 'கொஞ்சம் பொறுங்க' மட்டும். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த சிங்களம்தான் எங்கள் இருவரையும் கட்டி இழுத்தது. முதல் நாள் அவரைக் கண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்க மாட்டார், அவசரப்பட மாட்டார், யார் வீட்டிலும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டார். நானோ பேருந்து கொஞ்சம் பிந்தினால் நடத்துநரோடு வாய்த்தர்க்கம் செய்கிறவள். ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர் மேல் ஒரு பெரிய மதிப்பு வந்துவிட்டது.

கள்ளர்கள் எத்தனை விதமாகக் களவெடுப்பார்கள் என்பதை அவர் நீண்ட பயணங்களில் எனக்குச் சொல்லித் தந்தார். வேறொருவரின் சுத்தமான சிறுநீரைச் சின்னப் பையில் அடைத்து உடம்பில் ஒளித்துக்கொண்டு வருவார்களாம். அதனால்தான் சட்டையை நெஞ்சுவரை உயர்த்தி, கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, அது உடம்பிலிருந்து வருவதை அதிகாரி தன் கண்ணால் பார்க்க வேண்டும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து மருந்தை நீர்த்துப்போகச் செய்வார்களாம். அதற்கு அடர்த்தி பார்க்கிற சின்னக் கருவி ஒன்று அவர் பையில் இருந்தது. எந்த மருந்து என்றே தெரியாவிட்டாலும் ஒருவருடைய இரத்தத்தை வருடக்கணக்காக அளந்து வைத்து, அவருடைய பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட்டுப் பிடிக்கிற முறையும் இருக்கிறது. இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாததை நாளைக்குக் கண்டுபிடிக்கலாம் என்று மாதிரிகளைக் குளிரில் பல வருடம் பத்திரப்படுத்துகிறார்களாம். "மருந்து செய்கிறவன் எங்களுக்கு முன்னால் ஓடுகிறான். நாங்கள் நின்றுவிடாமல் பின்னால் ஓடுகிறோம்" என்றார் ஒருமுறை. அவர் வாயிலிருந்து வந்த ஒரே பகிடி அதுதான். அதையும் சிரிக்காமல்தான் சொன்னார்.

போட்டி நடக்கிற மைதானத்தில் பிடிப்பது பெரிய காரியமில்லை. மருந்து எடுக்கிறவர்கள் பயிற்சிக் காலத்தில் எடுத்துவிட்டுப் போட்டிக்குச் சுத்தமாக வந்துவிடுவார்கள். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போவது. முன்னணி வீராங்கனைகள் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மணித்தியாலத்தில் நாங்கள் போய் அவள் அங்கே இல்லையென்றால் ஒரு தவறு. ஒரு வருடத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால், அவள் மருந்தை வாழ்நாளில் கண்ணால் கண்டிராவிட்டாலும் தடைதான். இரண்டு வருடம்கூடப் போகலாம்.

நான் சொல்ல வந்தது படுவான்கரையில் ஒரு ஊருக்குப் போன காலையைப் பற்றி. வாவிக்கு மேற்குப் பக்கத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒரு நெடுந்தூர ஓட்டக்காரி இருந்தாள். தகப்பன் வாவியில் மீன் பிடிப்பவர். வயல் வட்டைகளுக்கு நடுவே போகிற வாய்க்கால் வரம்பிலும் கிறவல் மண் றோட்டிலும் ஓடிப் பழகி, நாட்டின் அணித் தெரிவுவரை வந்துவிட்ட பெண். மாவட்ட விளையாட்டு விழாவில் அவள் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசிச் சுற்றில் மற்றவர்கள் முகமெல்லாம் கோணிக்கொண்டிருக்க, இவள் கடைக்குப் போகிறவள் மாதிரி போனாள்.

விடியுமுன் எங்கள் வான் வண்டியில் போகும்போது அதிகாரி சொன்னார், அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தவறு இருக்கிறது என்று. ஒன்று வெள்ளத்தில் வீடு போய்ப் பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில் இடமாற்றத்தை அறிவிக்காதது. மற்றது பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து பேருந்து கிடைக்காமல் பிந்தியது. "இன்றைக்கு இல்லையென்றால் மூன்றாவது" என்றார்.  தெரிவுப் போட்டி கிட்டத்தில் இருந்தது. ஓடுகிற வயதில் இரண்டு வருடம் போனால் பிறகு என்ன மிஞ்சும்?

வாவியைக் கடக்க வாகனங்களை ஏற்றிக்கொண்டு போகிற பெரிய மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்போம். முதல் பாதையில் ஏறினோம். அங்கேதான் எங்கள் சாரதி ஒரு வேலை செய்தார். கொழும்பு மனிதர், பாவம், வழி தெரியாது. நாங்கள் தடுக்குமுன் இறங்கிப் போய், பாதை ஓட்டுகிறவரிடம் தன் அரைகுறைத் தமிழில், "அந்த ஓடுற பிள்ளை வீடு எங்க?" என்று கேட்டுவிட்டார். அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். பாதையில் நின்ற மீன்காரர்கள் எங்கள் வானையும், அதன் கறுப்புக் கண்ணாடியையும், உள்ளே இருந்த எங்களையும் பார்த்தார்கள். ஒருவர் ஓரமாகப் போய்த் தொலைபேசியைக் காதில் வைத்தார். ஊர் ஆட்களின் விடுப்பு, புதினம் அறிகிற ஆசை என்று நினைத்தேன்.

சரியாக ஆறு மணிக்கு வேலியின் கடப்படியில் நின்று கூப்பிட்டோம். தாய் வந்தார். மெலிந்த பெண், கையில் விளக்குமாறு. நான் என்னைச் சொல்லி, மகளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"மகள் இல்ல தங்கச்சி. அவ கட்டாருக்குப் போய் மூண்டு மாசமாகுது."

 போன கிழமைதான் அவள் படம் பத்திரிகையில் வந்திருந்தது. தாய்க்குப் பின்னால், வாசற்படியில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து கிடந்தது. அதன் சேறு இன்னும் காயவில்லை.

"அக்கா, நாங்க விளையாட்டுப் பக்கத்தால வந்தநாங்க. ஒரு பரிசோதனை செய்யணும், அவ்வளவுதான்."

"ஓம், எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லித்தான் வாறது. அவ இல்ல. நீங்க போங்க."

அதிகாரியிடம் மொழிபெயர்த்தேன். அவர் சப்பாத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் புகுந்து தேட எங்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்திருந்தாலும் அவர் செய்திருக்க மாட்டார். வளவுக்குள் உட்கார அனுமதி கேட்கச் சொன்னார். தாய் சற்று யோசித்துவிட்டு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். வாயில் பொய் சொல்லிக்கொண்டே கையால் கதிரையின் தூசியைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியும் வந்தது. அதிகாரி வழக்கம்போலத் தன் தண்ணீர்ப் போத்தலைக் காட்டி மறுத்தார். நான் குடித்தேன். இஞ்சி போட்டிருந்தது.

காத்திருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் உள்ளே எங்கேயோ ஒளிந்திருக்கிறாள், தாய் வாசலில் காவல் நிற்கிறாள். எதற்கு ஒளிகிறாள்? நேர்மையானவளுக்கு ஒரு கோப்பை சிறுநீர் தர என்ன பயம்? அந்தக் கடைசிச் சுற்று ஓட்டம் எனக்கு நினைவில் வந்து கசந்தது. சாரதியும் வந்து, "இல்லை என்கிறார்களே, எழுதிவிட்டுப் போகலாம். வெயில் ஏறுகிறது" என்றார். அதிகாரி மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அவள் எழுதிக் கொடுத்தது ஒரு மணித்தியாலம். அந்த மணித்தியாலம் முழுக்க அவளுடையது. கடைசி நிமிடம்வரை அதை அவளிடமிருந்து எடுக்க எனக்கு உரிமை இல்லை."

இதை அவர் கடுமையாகத்தான் சொன்னார். இடைக்கிடை எழுந்து கடப்படிவரை போய், வேலியோரம் நடந்து, வாசலுக்கு வந்து அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். திரும்பி வந்து, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார் என்று எழுதிக்கொண்டார். தாய் ஒவ்வொரு தரமும் திடுக்கிட்டார். வாவிப் பக்கம் பார்ப்பதும் பார்வையை இழுத்துக்கொள்வதுமாக நின்றார்.

கடைசி ஐந்து நிமிடத்தில் அவளுடைய தொலைபேசிக்கு அழைப்பது வழமை. அதிகாரி இலக்கத்தை அழுத்தினார். மணி வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

தாயின் முகம் வெளிறிப்போனது. பிடிபட்டீர்களா என்று நினைத்தபடி, கொஞ்சம் வெற்றியோடு என்றே சொல்லலாம், மணி வந்த இடத்தை வாசலால் எட்டிப் பார்த்தேன். தொலைபேசி ஒரு சின்ன மேசையில் மின்னேற்றத்தில் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு படம். மீசை அரும்பின வயதுப் பையன், வெள்ளைச் சட்டை. கண்ணாடி துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மாலை இல்லை. பொட்டு இல்லை. முன்னால் விளக்கும் இல்லை.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மாலை போடாத படத்துக்கு விளக்கம் தேவையில்லை. செத்த பிள்ளைக்கு மாலை போடுவார்கள். வாகனத்தில் வந்து பெயர் கேட்டுக் கொண்டுபோய், இன்னும் திரும்பி வராத பிள்ளைக்குப் போட மாட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. விடியற்காலை, கறுப்புக் கண்ணாடி வான், தெரியாத ஆட்கள், வாசலில் பிள்ளையின் பெயர். நாங்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு பயத்திலும் எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி தந்திருக்கிறார்.

நான் அவரருகே போனேன்.

"அக்கா, இஞ்ச பாருங்க. உங்கட மகள நாங்க எங்கயும் கொண்டு போக மாட்டம். எங்களுக்கு அவட மூத்திரம்தான் வேணும்."

"என்ன?"

"மூத்திரம், அக்கா. ஒரு கோப்பை. இந்த வளவுக்குள்ளேயே தந்தாக் காணும். மருந்து பாவிச்சு ஓடுறாவா எண்டு பாக்கிறதுக்கு. அதத்தான் போத்தல்ல அடைச்சுக் கொண்டு போவம்."

அவர் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், அதிகாரியின் பெரிய பையைப் பார்த்தார்.

"கொழும்பில இரிந்து வான் எடுத்து, பாதையில ஏறி, மூத்திரத்துக்கா வந்தநீங்க?"

"ஓம்."

"மெய்யாவா?"

"இப்பிடி ஒரு பொய்ய ஆராவது சொல்லுவாங்களா அக்கா?"

அதுதான் அவரை நம்ப வைத்தது. ஒரு கணம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அடுத்த கணம் விளக்குமாற்றை எறிந்துவிட்டுப் பின்வளவால் வாவிக்கரைக்கு ஓடினார். மகளின் ஓட்டம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. "மகள்! வா மகள்! கெதியா வா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்குகள் எல்லாம் கிளம்பின.

அதிகாரி எழுந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் போய்க் கூப்பிடவில்லை, வானையும் ஆயத்தமாக்கச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த இடம் இந்த வளவு. அவள் இங்கே வர வேண்டும். எனக்கு அவர் கையைப் பிடித்து அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிடலாமா என்று இருந்தது.

வாவிக்கரைக் கண்ணாப் பற்றைகளை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து, தொடைவரை கறுத்த சேறு, காலில் ஒரு செருப்பும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் நின்று தன் பெயரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வரவு சொல்கிற பிள்ளை மாதிரி சொன்னாள். அதிகாரி நேரத்தைப் பார்த்து எழுதினார். ஏழுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"நேரத்துக்கு வந்திருக்கிறாய்" என்றார் சிங்களத்தில். அவர் சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நடந்ததை அவள் பிறகு, துவாயைப் போர்த்திக்கொண்டு, சிறுநீர் வருவதற்காகக் காத்திருந்தபோது சொன்னாள். பாதையிலிருந்து யாரோ தகப்பனுக்குத் தகவல் சொல்ல, அவர் தாய்க்குச் சொல்லியிருக்கிறார். தாய், ஓடிப் பழகிவிட்டு வந்தவளைக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உடனே வா, தொலைபேசி தண்ணீரில் விழும், வைத்துவிட்டுப் போ என்று பின்பக்கத்தால் அனுப்பியிருக்கிறார். கரையில் தகப்பன், வலையை ஒரு கை பிடி என்று தோணியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாப் பற்றைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். சண்டைக் காலத்தில் பிள்ளைகளை ஒளித்த அதே இடமாம். ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும் இவளுக்கு விளங்கிவிட்டது. பரிசோதனை, விளையாட்டு என்று கெஞ்சியிருக்கிறாள்.

"அப்பா நம்பல்ல மிஸ். 'விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் உன்ட அண்ணனக் கொண்டு போன அண்டைக்கும் சொன்னாங்க' எண்டார். துடுப்பத் தர மாட்டன் எண்டுட்டார். நான் குதிச்சிட்டன்."

அவ்விடத்தில் வாவி ஆழமில்லை, ஆனால் சேறு ஆளை விடாது. நீந்தியும் நடந்தும் புதைந்தும் வந்திருக்கிறாள். தாயின் சத்தம் கேட்கும்போது பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிட்டாளாம்.

"இப்பிடி ஆக்கள் வருவாங்க எண்டு அம்மாக்கு நீங்க முதலே சொல்லல்லயா?" என்று கேட்டேன்.

"எப்பிடி மிஸ் சொல்லுற? வான்ல வந்து என்ட பேரச் சொல்லிக் கேப்பாங்க எண்டு சொன்னா, அம்மா அதுக்குப் பிறகு நித்திரை கொள்ளுவாவா?"

ஆளுக்காள் அன்பு வைத்து, ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவர் பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் அவள் ஓட்டத்தையே முடித்திருப்பார்கள். கோபிக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கோபத்துக்கு ஆள் கிடைக்காமல் நான் இருப்பது அபூர்வம்.

வேலை தொடங்கியது. நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். அம்மா இருக்கட்டும் என்றாள் அவள். தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து முன்னால் அமர்ந்தார். தகப்பன் தோணியைக் கட்டிவிட்டு வந்து, வேலியோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அதிகாரி எதையும் தான் எடுத்துக் கொடுக்கவில்லை. உறையிட்ட கோப்பைகளில் ஒன்றை அவளே தெரிவுசெய்தாள். உறை கிழிந்திருக்கிறதா என்று அவளே பார்த்தாள். கழிப்பறைக்கு அதிகாரியும் கூடப் போனார். திரும்பி வந்து, போத்தல் பெட்டிகளில் ஒன்றையும் அவளே எடுத்தாள். இரண்டு போத்தல். அவள் கையாலேயே இரண்டிலும் ஊற்றி, அவள் கையாலேயே மூடியைத் திருகினாள். அந்த மூடி ஒரு பக்கம்தான் சுற்றும். கடக் கடக் என்று இறுகினால், உடைக்காமல் யாராலும் திறக்க முடியாது. ஒன்றைத்தான் ஆய்வுகூடத்தில் திறப்பார்கள். மற்றது அப்படியே இருக்கும், சந்தேகம் வந்தால் அவளையும் கூப்பிட்டு அவள் முன்னால் திறப்பார்கள். இதையெல்லாம் நான் தாய்க்குச் சொல்லச் சொல்ல, அவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போத்தல்களில் மருந்து எதுவும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. அவள் தெரிவுப் போட்டியிலும் ஓடினாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அது அல்ல.

போத்தல்களைப் பெட்டியில் வைக்கும்போது தாய் கேட்டார்:

"இதில மகள்ட பேர் இல்லையே?"

"பேர் போகாது அக்கா, நம்பர் மட்டுந்தான் போகும். அங்க பாக்கிறவங்களுக்கு ஆர்ர எண்டு தெரியக் கூடா. அப்பத்தான் ஞாயமா இரிக்கும்."

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"பேரில்லாமக் கொண்டு போனா, பிறகு நாங்க ஆருட்டப் போய்க் கேக்கிற?"

தாய் என்ன கேட்கிறார் என்று அதிகாரி என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன்.  சுவரிலிருந்த படத்தையும் சொன்னேன்.  அவர் பூட்டவிருந்த பெட்டியைத் திரும்பத் திறந்து, ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பரிசோதனைப் பத்திரத்தின் பிரதியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். மகளின் பெயரையும், போத்தலின் இலக்கத்தையும், நேரத்தையும், இடத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கடைசியாகத் தன் கையெழுத்தில் விரலை வைத்தார்.

"இது என் பெயர். கொண்டுபோகிறது நான். என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்."

நான் சொன்னேன். தாய் அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"அண்டைக்கு ஒரு துண்டும் தரல்ல தங்கச்சி" என்றார், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

பிறகு போத்தலைக் கிட்ட இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதிலிருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். மகள் குனிந்து தாளிலிருந்ததைக் கூடவே வாசித்தாள். அதிகாரிக்கு ஒரு சொல்லும் விளங்காது, இருந்தும் கைகட்டிக் காத்து நின்றார். இருவரும் கடைசி இலக்கத்துக்கு ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். தாய் போத்தலைத் தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்தார்.

"சரி. இப்ப கொண்டு போங்க" என்றார்.